என்னத்தைப் போட்டீங்க?

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஒரு புளியமர நிழலில் ஒதுங்கியிருந்தோம். கூட வந்த கல்லூரிப் பையன் சாப்பாட்டு வண்டியிலிருந்து தண்ணீர்க் கேனை இறக்கும்போது, பின்கதவுத் தகரம் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. நான்கு விரல் நீளக் காயம். ரத்தம் கணுக்காலைத் தாண்டி வெறும் பாதத்தில் வழிந்தது.

எங்களிடம் முதலுதவிப் பெட்டி இருந்தது. நான்தான் வாங்கி வந்திருந்தேன். நூறு பொருள்கள் அடங்கியது என்று அட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்து வாங்கியது. திறந்தால் டிஞ்சர் புட்டி, கிருமிநாசினிப் பொடி, மஞ்சள் களிம்பு, பஞ்சுச் சுருள், மாத்திரை அட்டைகள். விரல் அகலப் பிளாஸ்திரிகளே அறுபது இருந்தன. ஒருவர் டிஞ்சரை ஊற்றினார், பையன் அலறினான். இன்னொருவர் பொடியைத் தூவினார்; ரத்தம் அதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி தூவினார். மூன்றாவது ஆள் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினார். பஞ்சு சிவந்து கீழே விழுந்தது.

எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். “கொட்டிக்கிட்டே இருக்கீங்களேப்பா, நின்னுச்சா? கையை எடுங்க” என்றார். ஒருவர் தோளில் கிடந்த துவைத்த துண்டை வாங்கி நான்காக மடித்தார். காயத்தின்மேல் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். பையனைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி ஒரு மூட்டைமேல் வைக்கச் சொன்னார். “பத்து நிமிசம் ஆச்சுன்னு சொல்லுங்க, அதுவரைக்கும் நான் கையெடுக்க மாட்டேன்.” பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியிலிருந்த மருத்துவர் துண்டை விலக்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “என்னத்தைப் போட்டீங்க?” தையல் போடக் கால் மணி நேரம்தான் ஆனது. களியாக உறைந்திருந்த பொடியையும் பஞ்சு இழைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவ அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அரை மணி நேர வலி அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து என் மனத்தில் கிடந்து அறுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காயம் என்றால் அதன்மேல் எதையாவது போட்டாக வேண்டும். அப்படிப் போடுவதற்கான மருந்துகளை அடைத்து வைப்பதுதான் முதலுதவிப் பெட்டி. நம்மில் பெரும்பாலோர் இதை நம்புகிறோம். நம் பேச்சே இதற்குச் சாட்சி. ஊசி போடுகிறோம், மாத்திரை போடுகிறோம், களிம்பு போடுகிறோம். குணமாக்குவது என்றாலே நமக்குப் போடுவது. எதுவும் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து, “சும்மா உக்காந்திருக்கியே, ஏதாச்சும் போடு” என்று அதட்டுகிறோம். இந்த நம்பிக்கை தவறு. பல நேரங்களில் ஆளையே கெடுக்கிற தவறு.

மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை அடிபட்ட உடம்புக்கு நாம் செய்ய வேண்டியவை சில செயல்கள்: கழுவுவது, குளிர வைப்பது, அழுத்துவது, மூடுவது, அசையாமல் வைப்பது, குடிக்கக் கொடுப்பது. இவற்றைச் செய்ய எது உதவுமோ அது பெட்டியில் இருக்க வேண்டும். உதவாதது எவ்வளவு விலை உயர்ந்த மருந்தானாலும் இடத்தை அடைக்கும் சுமைதான்.

முதலில் ரத்தம். ரத்தத்தை நிறுத்துவது உடம்பேதான். உறைந்து அடைப்பதற்கு அதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். நாம் அழுத்திப் பிடிப்பது அந்த நிமிடங்களை வாங்கிக் கொடுக்கிறது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கி “நின்னுடுச்சா” என்று பார்ப்பவர், அப்போதுதான் கட்டிய உறைவைப் பெயர்த்து எடுக்கிறார். பஞ்சை நேராகக் காயத்தில் வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிய்க்கும்போது காயம் மறுபடி திறக்கும். ஆகவே பஞ்சுச் சுருள் இருக்கும் இடத்தில் தனித்தனி உறையில் அடைத்த காஸ் துணி இருக்க வேண்டும். உள்ளங்கையை மறைக்கும் அளவுள்ளது நல்லது. அறுபது சின்னப் பிளாஸ்திரிகள் உயிர் போகும் காயத்துக்கு உதவாது; உதவக்கூடிய காயத்துக்கோ பத்து போதும்.

அடுத்தது தீக்காயம். இட்லி மாவு, பற்பசை, பேனா மை, தேன், மஞ்சள் களிம்பு என்று ஊருக்கு ஒன்றாகப் போடுகிறோம். சுட்ட தோலுக்குள் வெப்பம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அதன்மேல் ஒரு பூச்சைப் பூசி மூடுகிறோம். வேண்டியது ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பனிக்கட்டி கூடாது, அது தோலை இன்னும் கெடுக்கும். வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும். பூசியதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் தீக்காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் பார்க்கவே முடியும். வெந்த தோலைச் சுரண்டுவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நாம் அன்போடு பூசும் மாவு அந்தச் சுரண்டலுக்குத்தான் வழி செய்கிறது.

நாய்க்கடி இதைவிடக் கொடியது, ஏனென்றால் இங்கே தவறுக்கு விலை உயிர். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்த இடத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்து அழுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுவது. உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துவது இதைத்தான். அந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். கழுவிய கையோடு தடுப்பூசிக்குப் போக வேண்டும். கழுவியதே போதும் என்று இருந்துவிடக் கூடாது. இத்தனை வேலை செய்யும் சோப்பு எத்தனை முதலுதவிப் பெட்டிகளில் இருக்கிறது? நான் வாங்கிய நூறு பொருள் பெட்டியில் இல்லை.

பாம்புக்கடிக்கு வருவோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு விபத்துக்காகவே சிலர் பெட்டியில் பிளேடும் கயிறும் வைக்கிறார்கள். கீறி, உறிஞ்சி, இறுக்கிக் கட்டும் காட்சியைத் திரையில் பார்த்துப் பார்த்து அதுவே வைத்தியம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. கீறினால் நஞ்சு வெளியே வராது. கண்ணாடி விரியன் நஞ்சு ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். அந்த நிலையில் கீறிய இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் போகும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு அந்தக் காலே அழுகிப் போகலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோலப் பலகையோ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்து அங்கேதான் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகக் குதிரைகளின் உடலில் உருவாக்கி எடுப்பது அந்த நஞ்சுமுறிவு மருந்து. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுக்கிறவர்களில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கமாக இயங்கிவரும் இருளர்கள் முக்கியமானவர்கள். சிலருக்கு அந்த மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் அதை ஏற்றக் கூடாது. பெட்டியில் வைத்துக்கொள்ளக்கூடிய பாம்புக்கடி மருந்து என்று ஒன்று கிடையாது. வைக்கக்கூடியது பலகையைக் கட்ட ஒரு கிரேப் பேண்டேஜ்தான்.

வலிப்பு வந்து விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இதே நோயின் இன்னொரு முகம். மேலே போடுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் கையிலாவது எதையாவது கொடுத்தாக வேண்டும் என்கிறது மனம். பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். அடங்கும் நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் பேர் இரும்புக்குப் போய்ச் சேர்கிறது. வேண்டியது தலை மோதாமல் ஏதாவது மெத்தென்று வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, மணி பார்ப்பது. 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைப்பது.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். “எங்க பாட்டி காலமெல்லாம் மஞ்சள்தான் வச்சாங்க. ஆறலையா?” ஆறியது, உண்மைதான். சிறு காயங்கள் எது வைத்தாலும், எதுவும் வைக்காவிட்டாலும் ஆறும். தோல் தன்னைத்தானே தைத்துக்கொள்ளும் திறமையோடு பிறந்தது. அது செய்த வேலையை மேலே கிடந்த மஞ்சளுக்கும் களிம்புக்கும் எழுதி வைத்துவிட்டோம். ஆறாமல் சீழ் பிடித்தவர்களையும், வாய் பூட்டிக்கொண்டு ரணஜன்னியில் போனவர்களையும் மஞ்சளின் கணக்கில் யாரும் எழுதவில்லை. மஞ்சளுக்குக் கிருமி எதிர்க்கும் குணம் ஆய்வகத்தில் தெரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஈரக் கரண்டி பட்ட அஞ்சறைப் பெட்டித் தூள் ஆய்வகத்துச் சாறு ஆகாது. திறந்த காயத்துக்குள் போகும் எந்தத் தூளும் அங்கே ஓர் அந்நியப் பொருள்தான்.

“எரிஞ்சாத்தானே கிருமி சாகும்” என்பது இன்னொரு வாதம். எரிச்சல் என்பது நம் சொந்தத் திசுவின் ஓலம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு வெளியேறுவதாகச் சந்தோஷப்படுகிறோம். நம் ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதி அதைப் பிரிப்பதால் வரும் நுரை அது. காயத்தை ஆற்ற வேண்டிய செல்களையும் பெராக்சைடு தாக்குகிறது. சாதாரணக் காயங்களைச் சுத்தமான குழாய்த் தண்ணீரில் கழுவினால் தொற்று கூடுவதில்லை என்று ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே டிஞ்சர் புட்டி இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டியை வையுங்கள். ஒரு லிட்டர் பிடிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் ஒரு லிட்டர் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1971. வங்கதேசப் போரில் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்த நேரம். பனகான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து தண்ணீரில் கரைத்து டிரம்களில் நிரப்பினார். நோயாளிகளின் உறவினர்களிடமே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை நெருங்கியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஓஆர்எஸ் என்ற அந்தக் கரைசலின் பெருமை அங்கே நிலைநாட்டப்பட்டது. 2023-ல் மறைவுக்குப் பின் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ஆனால் நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றால் இன்றைக்கும் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர்” என்றுதான் கேட்கிறோம். குடிக்கக் கொடுப்பதை வைத்தியமாக மதிக்க மனம் வருவதில்லை.

ஓஆர்எஸ் பாக்கெட்டை வாங்குவதிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய சூத்திரப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். அட்டைப் பெட்டிகளில் ஓஆர்எஸ் என்ற பெயரோடு சர்க்கரை மிகுந்த பானங்கள் பல ஆண்டுகள் விற்றன. சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு கூடும். அந்தச் சூத்திரத்துக்குப் பொருந்தாத பானங்கள் அப்பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்குவது ஆபத்து. அதனால்தான் ஒரு லிட்டர் புட்டி.

மருந்தே வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. யாருடைய மருந்து என்று தெரிந்த மருந்து வேண்டும். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர், இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்க நான்கு ஸ்பூன் சர்க்கரை, இதய நோயாளிக்கு அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஆகியவை பெயர் எழுதிய உறையில் இருக்கட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் இருக்கட்டும். ஆனால் மிச்சமான ஆன்டிபயாடிக் அட்டை, பெயர் கிழிந்துபோன வலிமாத்திரை இவையெல்லாம் வெளியே போக வேண்டும். டெங்கு இருக்கும் ஊரில் காய்ச்சல்காரருக்கு ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுத்தால் ரத்தக் கசிவு கூடும். கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கிடந்த மாத்திரையை நம்பவே கூடாது. பிளாஸ்திரியின் பசைகூட அந்தச் சூட்டில் செத்துப்போகும்.

தோளில் மாட்டும் ஒரு சிறு துணிப்பையில் நான் இப்போது வைத்திருப்பதைச் சொல்கிறேன். கையுறை நான்கு ஜோடி. அடுத்தவர் ரத்தத்துக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம் என்பதற்காக அது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். உறையிட்ட காஸ் துணி பத்து, காஸ் சுருள் இரண்டு, ஆறு அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு, துணியை வெட்டும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், மைக்ரோபோர் டேப், பத்துப் பிளாஸ்திரி. ஒரு சோப்பு, ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு, ஒரு லிட்டர் புட்டி, சிறு டார்ச், முள் எடுக்கும் இடுக்கி. கூட வருபவர்களின் ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய ஒரு தாள். கடைசியாக, துவைத்துக் காயவைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு துண்டு.

அந்தத் துண்டு வெறும் ஞாபகார்த்தம் அன்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ராணுவ அறுவை மருத்துவர் எஸ்மார்க், படைவீரர்களுக்கு முக்கோணக் கட்டுத்துணியைப் பரப்பினார். அதை எப்படியெல்லாம் கட்டலாம் என்று படங்களைத் துணியிலேயே அச்சடித்தார். முதலுதவி என்ற பாடமே உலகில் பரவக் காரணமானவர்களில் ஒருவர் கையில் எடுத்தது ஒரு துணியை. மருந்தை அல்ல. தலைக்காயத்துக்குக் கட்டாக, முறிந்த கைக்குத் தூளியாக, முறிந்த காலைப் பலகையோடு பிணைக்க என்று எல்லாவற்றுக்கும் அது உதவும். நம் ஊரில் அந்தத் துணி ஒவ்வொரு தோளிலும் கிடக்கிறது. எப்படிக் கட்டுவது என்ற படம்தான் நம் மனத்தில் இல்லை.

பொருள் மட்டும் போதாது, தெரிந்த ஆளும் வேண்டும் என்பதைச் சட்டமும் ஒருவிதத்தில் சொன்னது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 45ஆம் பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறெதையும் அதில் வைக்கக் கூடாது என்றது. வேலை நேரம் முழுவதும் கிடைக்கக்கூடிய, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றது. பெட்டிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். பள்ளிப் பேருந்திலும் சுற்றுலா வேனிலும் கல்யாண மண்டபத்திலும் நாம் பெட்டியை மட்டும் மாட்டிவிட்டு ஆளை மறந்துவிட்டோம். இதயம் நின்றவருக்கு நெஞ்சின் நடுவில் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அதற்கு எந்தப் பெட்டியிலும் எந்தப் பொருளும் இல்லை. பழகிய இரண்டு கைகள்தான் தேவை. ஒரு நாள் பயிற்சிக்குப் போக நேரமில்லை என்பவர் நூறு பொருள் பெட்டி வாங்கிக் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் அப்படி நினைத்தவன் என்பதால் இன்னும் உரக்கச் சொல்கிறேன்.

அடுத்த தைப்பூசத்துக்கும் நடந்தோம். அந்தப் பையனும் வந்தான். இந்த முறை பை அவன் தோளில். இடையில் முதலுதவிப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தான். வழியில் எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் தடுக்கி விழுந்து நெற்றி பிளந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் யாரோ டீக்கடைக்குக் காபித்தூள் கேட்டு ஓடினார்கள். பையன் நிறுத்தினான். கையுறையை மாட்டினான், மண்ணைக் கழுவினான், காஸ் துணியை வைத்து அழுத்தினான், என்னிடம் மணி பார்க்கச் சொன்னான். பத்து நிமிடம் அவன் கை அசையவில்லை. பிறகு கட்டி, மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். அங்கே வேறொரு மருத்துவர், அதே கேள்வி.

“என்னத்தைப் போட்டீங்க?”

“ஒண்ணும் போடல மேடம். கழுவினோம், அழுத்திப் பிடிச்சோம்.”

அவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சுரண்டி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. நேராகத் தையலுக்குப் போனார்.